சிறைப்பட்டவனுக்காக ஒரு கையெழுத்து



அர்ச். சின்னப்பர் எழுதிய நிருபங்களில் மிகச் சிறியது பிலமோனுக்கு எழுதியது. எசமானை விட்டு வந்துவிட்ட ஒனேசிமுஸ் என்னும் அடிமைக்காக அவர் சிறையிலிருந்தபடியே பரிந்து எழுதிய விண்ணப்பம் அது. அவனைச் சகோதரனாக ஏற்றுக்கொள்ளும்படி கேட்டு, அவன் பட்ட கடனைத் தாமே தீர்ப்பதாகத் தம் கைப்பட எழுதிக் கொடுக்கிறார். ஆகையால் பிறனுடைய விலங்குக்காக நம் பெயரை எழுதிக் கொடுப்பது வேதத்துக்குப் புறம்பான காரியமல்ல.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நடந்த ஒரு சம்பவத்தைக் கேளுங்கள். 1842-ம் வருஷம் அக்டோபர் மாதம், வர்ஜீனியா ராஜ்யத்து நார்போக் துறைமுகத்திலிருந்து ஜார்ஜ் லாட்டிமர் என்ற அடிமையும், கர்ப்பவதியான அவர் மனைவி ரெபேக்காவும் கப்பலில் ஒளிந்து தப்பி, மாசச்சூசெட்ஸ் ராஜ்யத்தின் பாஸ்டன் நகர் சேர்ந்தார்கள். அந்த ராஜ்யத்தில் அடிமைத்தனம் ஒழிந்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஆனாலும் ஓடிப்போன அடிமையைப் பிடித்துக்கொண்டுபோக எசமானுக்கு 1793-ம் வருஷத்து மத்தியச் சட்டம் இடங்கொடுத்தது. எசமான் பாஸ்டனுக்கே தேடி வந்தான். லாட்டிமர் சிறையில் அடைபட்டார். ராஜ்யத்தின் பிரதம நீதிபதியும் அவரை விடுவிக்க மறுத்தார்.

நகரத்தார் கொதித்தெழுந்தார்கள். கூட்டங்கள் கூடின. நவம்பர் மாதத்தில் 400 டாலர் கொடுத்து அவரை மீட்டார்கள். சிறைப்பட்டவர்களை மீட்பது, ஞானோபதேசத்தில் நாம் படித்த தயைக் கிரியைகளில் ஒன்றல்லவா?

வந்த வேலை முடிந்ததென்று அவர்கள் வீடு திரும்பியிருக்கலாம். ஆனால் ஒரு கேள்வி அவர்கள் மனச்சாட்சியை உறுத்தியது. அவரைப் பூட்டிவைத்த சிறை யாருடையது? காவல் நின்றவன் யாருடைய சேவகன்? எல்லாம் தங்களுடையவையே! பாவம் தூரதேசத்தில் இல்லை. தங்கள் வாசலிலேயே இருந்தது.

ஆகவே ராஜ்யச் சட்டசபைக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார்கள். தப்பி வந்தவர்களைப் பிடிக்க ராஜ்ய உத்தியோகஸ்தர் எவரும் உதவலாகாது. அவர்களை அடைக்க ராஜ்யத்துச் சிறைகளைக் கொடுக்கலாகாது. அடிமைத்தனத்தோடு தங்களுக்குள்ள சம்பந்தமெல்லாம் அறும்படி நாட்டின் அரசியல் சட்டத்தைத் திருத்த முயல வேண்டும் என்று கேட்டார்கள். ஊர் ஊராய்த் தாள்கள் போயின. சுமார் 7,37,000 ஜனங்களுள்ள அந்த ராஜ்யத்தில் 60,000-க்கு மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். 1843 பிப்ரவரியில் விண்ணப்பம் சட்டசபையைச் சேர்ந்தது. மார்ச் மாதத்திலேயே முதல் இரண்டு கோரிக்கைகளும் சட்டமாயின. ‘லாட்டிமர் சட்டம்’ என்று அதை அழைத்தார்கள்.

இந்தப் பாதையை முன்னமே செப்பனிட்டவர்களில் பெண்களும் உண்டு. வாக்குரிமை இல்லாத அவர்கள் அடிமைகளுக்காக வீடு வீடாய்ப் போய்க் கையெழுத்து வாங்கினார்கள். 1838 பிப்ரவரியில் ஆஞ்செலினா கிரிம்கே என்ற மாது இதே சட்டசபையின் குழுவொன்றின் முன் நின்று அவர்களுக்காகப் பேசினாள். அவள் அடிமைகளை வைத்திருந்த குடும்பத்திலே பிறந்தவள்!

அந்நாளில் கத்தோலிக்கர் எங்கே நின்றார்கள்? வெட்கத்தோடு சொல்லவேண்டியதும் உண்டு. மேரிலாந்து சேசுசபையார் 1838-ல் 272 அடிமைகளை விற்றார்கள். அதற்காக அச்சபையார் 2017-ல் பகிரங்கமாய் மன்னிப்புக் கேட்டார்கள். பாப்பரசர் 16-ம் கிரகோரியார் 1839-ல் அடிமை வியாபாரத்தைக் கண்டித்து நிருபம் விடுத்தார். அயர்லாந்திலிருந்து டானியேல் ஓ’கானெலும், மதுவிலக்குப் போதகரான மேத்யு சுவாமியாரும், வேறு பல்லாயிரம் பேரும் கையெழுத்திட்ட மடல் ஒன்று, அமெரிக்காவில் குடியேறிய ஐரிஷ்காரரை அடிமைகளின் பக்கம் சேரும்படி அழைத்தது. 1842 ஜனவரியில் பாஸ்டனில் அதை வாசித்தார்கள். ஆனால் அழைக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஒதுங்கியே நின்றார்கள். அவர்களும் ஏழைகள், வந்த இடத்தில் வம்பு வேண்டாமென்று இருந்தார்கள். நாம் அவர்களைக் குற்றஞ்சாட்டுமுன் நம் நெஞ்சைத் தொட்டுப் பார்ப்போம்.

லாட்டிமர் சட்டத்தால் அடிமைத்தனம் ஒழிந்துவிடவில்லை. 1850-ல் முன்னிலும் கொடிய மத்தியச் சட்டம் வந்தது. பெரும் யுத்தத்துக்குப் பின் 1865-ல்தான் விலங்கு தெறித்தது. விதைத்தவர்களில் பலர் அறுப்பைக் காணவில்லை, ஆனாலும் விதைத்தார்கள்.

குடும்பத் தலைவர்களே, தாய்மார்களே! எளியவனுக்கு அநியாயம் நேரும்போது, “நமக்கேன் ஊர் வம்பு?” என்று கதவைச் சாத்துகிறோம். நீதி கேட்டு ஒருவர் தாளை நீட்டினால், “மற்றவர்கள் போடட்டும், பிறகு பார்ப்போம்” என்கிறோம். இன்றிரவு செபமாலை முடிந்தபின் ஒரு நிமிஷம் யோசிப்போம்: நம் பணத்தாலோ, நம் மௌனத்தாலோ எவனுடைய சிறைக்காவது நாம் காவல் நிற்கிறோமா? அப்படியானால் நாளைக்கே அவன் பக்கம் போய் நிற்போம். சிறையிலிருக்கிறவனுக்குச் செய்ததைத் தமக்கே செய்ததாக ஏற்றுக்கொள்ளும் சேசுநாதர், நாம் அவனுக்காகப் போட்ட கையெழுத்தையும் மறக்கமாட்டார். ஆமென்.