மரத்திற்காக மனிதன் காத்திருப்பதா?

 

ரவாங் வியாபாரிகளாகிய நாம் சாலை நெரிசலால் பட்ட பாடு கொஞ்சமல்ல. கோலாலம்பூர்ச் சரக்கு கடைக்கு வந்து சேருமுன் பொழுது சாய்ந்துவிடும். புறவழிச் சாலையோ கஞ்சிங் காட்டைக் கடந்து போகவேண்டியிருந்தது. அக்காட்டில் கியாம் கஞ்சிங் என்றொரு மரம் உண்டு. அதற்குத் தாயகம் இவ்வட்டாரமே. அழிவின் விளிம்பில் நிற்பது. ஆகவே காட்டை அகலமாக வெட்டாமல், உயர்ந்த தூண்களின்மேல் பாலம் எழுப்பினார்கள். பல ஆண்டுத் தாமதத்திற்குப் பின் 2017 நவம்பரில்தான் சாலை திறக்கப்பட்டது.

"மரத்திற்காக மனிதன் காத்திருப்பதா?" என்று அந்நாளில் நாமும் கடைவாசலில் நின்று முணுமுணுத்தோம். அது நியாயந்தானா?

நம் கணக்கைக் கொண்டே பார்ப்போம். தாமதத்தால் குறைந்தது லாபம். அதை அடுத்த ஆண்டு ஈட்டிக்கொள்ளலாம். ஓர் இனம் அழிவதோ முதலே போவது. அந்த முதலும் நம்முடையதன்று. அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அமானிதப் பொருளை விற்று லாபக் கணக்கு எழுதுபவனை வியாபாரி என்போமா?

இது புதுச் சட்டமுமன்று. மக்காவின் ஹரம் எல்லைக்குள் வேட்டையாடுவதும், தானே முளைத்த மரத்தை வெட்டுவதும் விலக்கப்பட்டவை என்பதை ஹஜ்ஜுக்குச் சென்று வந்தோர் அறிவர்.

ஆனால் சட்டம் மட்டும் போதுமா? மலேசியாவில் எஞ்சியிருந்த கடைசிச் சுமத்திராக் காண்டாமிருகம் 2019 நவம்பரில் சபாவில் இறந்தது. அதைக் காக்கச் சட்டம் இல்லாமலில்லை. காடு சுருங்கியது, கொம்புக்கு விலை கொடுக்க ஆளும் இருந்தது. எஞ்சியவை ஒன்றையொன்று சந்திக்கவும் முடியாத அளவுக்குக் குறைந்தபின் சட்டம் என்ன செய்யும்? 2010-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022-ல் திருத்தப்பட்டு, அபராதம் பத்து லட்சம் வெள்ளி வரையிலும், சிறை 15 ஆண்டு வரையிலும் உயர்ந்திருக்கிறது. அவ்வளவு கடுமை இருந்தும், சட்டத்தின் கை வேடனைப் பிடிக்கலாம். வாங்குபவனின் ஆசையைப் பிடிக்காது.

அங்கேதான் நம் பொறுப்பு தொடங்குகிறது. புலிப்பல்லோ காட்டு விலங்கின் எண்ணெயோ கேட்டு ஒருவர் நம் கடைப்படி ஏறினால், "இல்லை" என்று சொல்ல எந்த அதிகாரியும் பக்கத்தில் நிற்கவேண்டியதில்லை. அல்லாஹ் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற அச்சமே போதும்.

இன்று அப்பாலத்தின்மேல் நம் லாரிகள் ஓடுகின்றன. கீழே மரங்கள் நிற்கின்றன. காத்திருந்ததில் நமக்கு வந்த நஷ்டம் எவ்வளவென்று இப்போது கணக்கிட்டுப் பாருங்கள், சகோதரர்களே!