இரண்டு பவுன் காரீயம்

தமிழில் ‘சொந்தம்’ என்ற ஒரே சொல்தான் சொத்துக்கும் உறவுக்கும். ‘சொந்த வீடு’ என்றால் உடைமை. ‘அவங்க நமக்குச் சொந்தம்’ என்றால் உறவு. உடைமையை விற்கலாம், பூட்டிப் போடலாம், வேண்டாமென்றால் உடைத்தும் எறியலாம். உறவை அப்படிச் செய்ய முடியாது. கல்யாணம், காதுகுத்துக்குப் போக வேண்டும். ஆஸ்பத்திரியில் கிடந்தால் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போய் நிற்க வேண்டும். அவர்கள் செய்த காரியத்துக்கு ஊர் நம்மைக் கேட்டால் பதில் சொல்ல வேண்டும்.

ரோமானியச் சட்டத்துக்கு உரை எழுதிய பிற்கால அறிஞர்கள் உடைமையை மூன்று உரிமைகளாகப் பிரித்தார்கள்: ஒரு பொருளைப் பயன்படுத்தும் உரிமை, அதன் பலனை அனுபவிக்கும் உரிமை, அதை அழித்துத் தீர்க்கும் உரிமை. மூன்றாவதைத்தான் நாம் தினமும் யோசிக்காமலே பயன்படுத்துகிறோம். என் பைக் மழையில் நின்று துருப்பிடித்தால் யாருக்கென்ன? என் பைக், என் துரு.

இந்த மூன்றாவது உரிமை கொஞ்சமும் இல்லாத ஒரு பொருளில் எனக்குக் கால் பங்கு இருக்கிறது. அது ஒரு சின்ன விமானம்.

“பிளேன் வெச்சிருக்கேன்” என்று சொன்னால் ஊரில் சிரிப்பார்கள், அல்லது கடன் கேட்பார்கள். இரண்டுக்கும் அவசியமில்லை. செஸ்னா 172 என்ற இந்த வகை 1955-ல் முதன்முதலாகப் பறந்தது. இதுவரை 44,000-க்கும் மேல் செய்திருக்கிறார்கள். உலகில் வேறு எந்த விமானமும் இத்தனை எண்ணிக்கையில் செய்யப்பட்டதில்லை. நாலு இருக்கை, ஒரே இன்ஜின், தலைக்கு மேல் இறக்கை. விமானங்களில் இது அம்பாசிடர் கார் மாதிரி. எங்களுடையது 1970-களின் தொடக்கத்தில் செய்தது. நாலு பேர் சேர்ந்து வாங்கியதால் என் பங்கு ஒரு பழைய காரின் விலைக்கே வந்தது. அமெரிக்காவில் இதைப் ‘பார்ட்னர்ஷிப்’ என்பார்கள். நாங்கள் ‘பங்காளி’ என்றுதான் சொல்லிக்கொள்கிறோம். சண்டை வரும்போது அந்தச் சொல்தான் பொருத்தமாக இருக்கிறது.

அமெரிக்க விமானச் சட்டத்தில் ஒரு வாசகம் உண்டு. விமானத்தைப் பறக்கத் தகுந்த நிலையில் வைத்திருக்கும் முதன்மைப் பொறுப்பு அதன் உரிமையாளருக்கோ அதை இயக்குபவருக்கோதான். மெக்கானிக் வேலையைச் செய்வார், கையெழுத்துப் போடுவார், அவருக்கும் பொறுப்பு உண்டு. ஆனால் முதல் கேள்வி நம்மிடம்தான் வரும். பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை ‘ஆனுவல்’ என்று ஒரு பரிசோதனை. இருக்கைகளைக் கழற்றி, தரைப் பலகைகளைத் திறந்து, ஒவ்வொரு சிலிண்டரும் அழுத்தம் தாங்குகிறதா என்று பார்த்து, வால்வரை ஓடும் கேபிள்களைத் தடவிப் பார்ப்பார்கள். அதற்கென்று தனி அதிகாரம் பெற்ற மெக்கானிக் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்திடாவிட்டால் அது தரையில் நிற்கும் தகரம்தான்.

சில சின்ன வேலைகளை மட்டும், விமானி உரிமம் உள்ள உரிமையாளர் தானே செய்யலாம். ஆயில் மாற்றுவது, டயர் மாற்றுவது, ஸ்பார்க் பிளக் சுத்தம் செய்வது. செய்ததை லாக்புக்கில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் லாக்புக்கில் ஐம்பது வருடக் கையெழுத்துகள் இருக்கின்றன. முன்னால் வைத்திருந்தவர் ஒவ்வொருவரும் தன் கையால் எழுதியது. சிலருடைய எழுத்து அழகு, சிலருடையது டாக்டர் சீட்டு. முகம் தெரியாத யாரோ 1980-களில் ஒழுங்காக முறுக்கிய ஒரு நட்டை நம்பி இன்று நான் மேலே போகிறேன். இதை வெறும் சொத்து என்று என்னால் சொல்ல முடியவில்லை. ‘சொந்தம்’ என்பதன் இரண்டாம் பொருளுக்குத்தான் இது பக்கம்.

இதுவரை எல்லாம் நல்ல கதை. பிளக்கைக் கழற்றும்போதுதான் சிக்கல்.

எங்கள் இன்ஜினில் நாலு சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டு வீதம் எட்டு பிளக். விமானப் பெட்ரோலில் ஓடிய இன்ஜினின் கீழ்ப்பக்க பிளக்குகளைக் கழற்றி உள்ளே பார்த்தால், கடுகளவு சாம்பல் நிற உருண்டைகள் ஒட்டியிருக்கும். கையுறை போட்டுக்கொண்டு, ஊசி போன்ற கருவியால் நெம்பி எடுக்க வேண்டும். அது ஈயம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பின் வெள்ளீயம் இல்லை, காரீயம். பிளக்கில் மாட்டியது கடுகளவு. மீதி புகைக்குழாய் வழியாக வெளியே போய்விட்டது.

1921-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி, பெட்ரோலில் ஈயச் சேர்மம் ஒன்றைக் கலந்தால் இன்ஜினில் ‘நாக்கிங்’ நிற்கிறது என்று கண்டுபிடித்தார். அது விஷம் என்பது பிறகு தெரிந்த விஷயமில்லை. 1924-லேயே நியூஜெர்சியில் அந்தச் சேர்மத்தைத் தயாரித்த ஆலையில் ஐந்து தொழிலாளிகள் செத்தார்கள். ஆனாலும் உலகம் முழுக்கக் கார்கள் அதில்தான் ஓடின. இந்தியாவில் 2000-ல் நின்றது. கடைசியாக அல்ஜீரியா 2021-ல் நிறுத்தியது. பெரிய ஜெட் விமானங்கள் மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் பறப்பதால் அவற்றில் ஈயமே கிடையாது. மிச்சம் இருப்பது எங்களைப் போன்ற சின்ன விமானக்காரர்கள். அமெரிக்கக் காற்றில் இன்று கலக்கும் ஈயத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் எங்களுடையது.

பெரும்பாலான நிலையங்களில் விற்கும் 100எல்எல் பெட்ரோலில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். அந்த ‘எல்எல்’ என்பதற்குப் பொருள் ‘ஈயம் குறைவு’ என்பது தனி வேடிக்கை. எங்கள் இன்ஜின் மணிக்குச் சுமார் 30 லிட்டர் குடிக்கும். கணக்குப் போட்டால் 17 கிராம் வரை. இரண்டு பவுனுக்குக் கொஞ்சம் மேலே. ஞாயிற்றுக்கிழமை காலையில் கடலோரம் போய் ஒரு ஆம்லெட் சாப்பிட்டுவிட்டு வர, இரண்டு பவுன் காரீயம்.

அது எங்கே போய் விழுகிறது? இந்தக் கேள்விக்கு முன்னால் இன்னொன்று இருக்கிறது. கீழே இருப்பவருக்கு மேலே இருக்கும் காற்றில் என்ன உரிமை?

பழைய ஐரோப்பியச் சட்டக் கொள்கைப்படி, நிலம் யாருடையதோ அதற்கு மேலே ஆகாயம் வரைக்கும் அவருடையதே. விமானம் வந்ததும் அது நடக்காத கதையாகிவிட்டது. 1946-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் காஸ்பி வழக்கு வந்தது. வட கரோலினாவில் கோழிப்பண்ணை வைத்திருந்த குடும்பம். போர்க்கால ராணுவ விமானங்கள் அவர்கள் நிலத்துக்கு 83 அடி உயரத்தில் இறங்கின. மிரண்ட கோழிகள் சுவரில் மோதி மோதிச் செத்தன, சுமார் 150. கடைசியில் கோழி வளர்ப்பையே விட வேண்டியதாயிற்று. நீதிமன்றம் இரண்டு விஷயம் சொன்னது. வானம் பொதுவழி, நிலக்காரர் அதற்குச் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனால் ஒருவர் தன் நிலத்தில் வாழவே முடியாத அளவுக்குத் தாழப் பறந்தால், அது அவர் நிலத்தை எடுத்துக்கொண்டதற்குச் சமம், நஷ்டஈடு கொடு.

கோழி சுவரில் மோதினால் கண்ணுக்குத் தெரிகிறது. எண்ணிக் காட்டலாம். ஈயம் அப்படி எதிலும் மோதுவதில்லை.

சான் ஹொசே நகரின் கிழக்கே ரீட்-ஹில்வியூ என்று ஒரு சின்ன விமான நிலையம். 1930-களின் கடைசியில் பழத்தோட்டங்களுக்கு நடுவே உருவானது. இன்று சுற்றிலும் வீடுகள், பள்ளிகள். பெரும்பாலும் மெக்ஸிகோ, வியட்நாம் வழி வந்த உழைக்கும் குடும்பங்கள். சிலிக்கான் பள்ளத்தாக்கில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலர் பறக்கக் கற்றுக்கொண்ட இடமும் அதுதான். 2021-ல் சாண்டா கிளாரா கவுண்டி ஓர் ஆய்வை வெளியிட்டது. 2011 முதல் 2020 வரை எடுத்த, குழந்தைகளின் ஏறத்தாழ 17,000 ரத்தப் பரிசோதனைகளை வைத்துப் பார்த்ததில், நிலையத்திலிருந்து அரை மைலுக்குள் வசிக்கும் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருந்தது. காற்று வீசும் திசையில் இருந்தவர்களுக்கு இன்னும் கூடுதல். கவுண்டி அங்கே ஈயப் பெட்ரோல் விற்பதை 2022 ஜனவரி 1 முதல் நிறுத்தியது.

விமானிகள் கொதித்தார்கள். அவர்கள் சொன்னதில் அர்த்தமில்லாமல் இல்லை. சராசரி வித்தியாசம் டெசிலிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவு. சுற்றிலும் பழைய பெயிண்ட் உண்டு, பழைய நெடுஞ்சாலை மண் உண்டு. ஈயமில்லாத யூஎல்94 எல்லா இன்ஜினுக்கும் ஒத்துவராது; தெரியாமல் மாற்றிப் போட்டால் மேலே ஏறும்போதே இன்ஜின் கெட்டுப்போகலாம். எல்லா இன்ஜினுக்கும் என்று 2022-ல் அனுமதி பெற்ற இன்னொரு எரிபொருள் விற்பனைக்கு வந்ததும், பெயிண்ட் உரிகிறது, டேங்க் கசிகிறது என்று புகார்கள் எழுந்தன. மேலே இருப்பவர் உயிரும் உயிர்தானே?

ஆனால் குழந்தைகளின் ரத்தத்தில் ‘இவ்வளவு வரை ஈயம் பரவாயில்லை’ என்று ஓர் அளவை மருத்துவத்தால் சொல்ல முடியவில்லை. ஈயம் வேலை காட்டுவது வளரும் மூளையில். பாதிப்பு எக்ஸ்ரேயில் தெரியாது. கணக்கில் கொஞ்சம் பின்தங்கிய பையன், பொறுமை கொஞ்சம் குறைந்த பெண். எந்தக் குழந்தையைக் காட்டியும் ‘இது உன் விமானத்தால்’ என்று யாரும் என்னிடம் சொல்ல முடியாது. அதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது.

எங்கள் நாலு பேருக்குள் சண்டை இங்கேதான் வந்தது. எங்கள் இன்ஜின் அழுத்தம் குறைந்த வகை, அந்தக் காலத்து 80 ஆக்டேன் பெட்ரோலுக்கு வடிவமைத்தது. ஒரு சான்றுத்தாளும் டேங்க் மூடி பக்கத்தில் ஒரு ஸ்டிக்கரும் இருந்தால் யூஎல்94-ல் சட்டப்படி பறக்கலாம். ஆனால் விலை கூடுதல். எங்கள் நிலையத்தில் கிடைக்காது, ரீட்-ஹில்வியூவில் இறங்கித்தான் நிரப்ப வேண்டும். கரூர்க்காரப் பங்காளி கேட்டான்: “ஏன் மாப்ள, நம்ம ஒரு பிளேன் மாறுனா காத்து சுத்தமாயிருமா? பெரிய இன்ஜின்காரன்தானே முக்கால்வாசிப் பெட்ரோலைக் குடிக்கிறான்?” அவன் சொன்னது கிட்டத்தட்ட சரி. விமானங்களில் மூன்றில் இரண்டு பங்கு குறைந்த ஆக்டேனில் ஓடக்கூடியவை. மீதி ஒரு பங்குதான் மொத்தப் பெட்ரோலில் ஏறத்தாழ 70 சதவீதத்தை எரிக்கிறது என்பது துறையில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு.

டெரக் பார்ஃபிட் என்ற தத்துவவாதி 1984-ல் வெளிவந்த ‘ரீசன்ஸ் அண்ட் பர்சன்ஸ்’ நூலில் ஒரு கற்பனை சொல்வார். ஆயிரம் சித்திரவதைக்காரர்கள், ஆயிரம் கைதிகள். முன்பு ஒவ்வொருவனும் ஒரு கைதியின் கருவியை ஆயிரம் முறை திருகினான். ஒரு திருகில் கூடும் வலி உணரவே முடியாதது. ஆயிரம் சேர்ந்தால் தாங்க முடியாதது. பிறகு முறையை மாற்றுகிறார்கள். இப்போது ஒருவன் பொத்தானை அழுத்தினால் ஆயிரம் கருவிகளும் ஒரே ஒரு திருகு. ஆயிரம் பேரும் ஆளுக்கு ஒரு முறை அழுத்துகிறார்கள். கைதிகள் படும் வலி அதேதான். ஆனால் ‘நீதான் எனக்கு வலி கொடுத்தாய்’ என்று எந்தக் கைதியும் எவனையும் காட்ட முடியாது.

கரூர்க்காரன் கேட்டது அந்தப் பொத்தான்காரனின் கேள்வி. அதற்கு என் பதில் லாக்புக்கில் இருக்கிறது. ஒரு நட்டை நான் சரியாக முறுக்கினால் உலகத்தில் விமான விபத்து நின்றுவிடுமா? நிற்காது. இருந்தாலும் முறுக்குகிறேன், கையெழுத்துப் போடுகிறேன். அந்த நட்டு என் கையில் இருக்கிறது, அவ்வளவுதான். இன்ஜினுக்குள் போகும் காற்றுக்கு நான் பொறுப்பு என்றால், வெளியே வரும் காற்றுக்கு மட்டும் எப்படி இல்லாமல் போகும்? சட்டம் ‘பறக்கத் தகுந்தது’ என்பதை விமானத்துக்குள் உட்கார்ந்திருப்பவர் பக்கமிருந்து அதிகம் யோசித்திருக்கிறது. கீழே இருப்பவர் தலையில் விழாமலிருந்தால் போதும் என்று விட்டுவிட்டது.

காட்டுத் தீயை அணைக்கப் போகும் விமானமும், நோயாளியைத் தூக்கிப் போகும் விமானமும், என் ஞாயிற்றுக்கிழமை ஆம்லெட்டும் ஒரே தராசில் நிற்க முடியாது. முதல் இரண்டிலும் ஒரு தீங்குக்கு எதிரே இன்னொரு உயிர் நிற்கிறது. என்னுடையதில் நிற்பது என் சந்தோஷம். அந்தச் சந்தோஷம் சின்னது என்று நான் சொல்ல மாட்டேன். மேகத்துக்கு மேலே போய், வெயிலில் இறக்கை நுனி மின்னுவதைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். ஆனால் அது என்னுடையது. அதற்கான விலையை நான் கொடுக்கலாம். கீழே ஒரு நாலு வயதுக் குழந்தையைக் கொடுக்கச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ‘பிடிக்கலைன்னா அவங்க வேற இடம் போகலாமே’ என்பார்கள். சான் ஹொசேயில் வாடகை தேடிப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

பல மாதம் இழுத்து ஒரு விதிக்கு வந்தோம். எங்கள் விமானத்தில் யூஎல்94 மட்டும். கிடைக்காத ஊருக்கு உல்லாசமாகப் போவதில்லை. கரூர்க்காரன் இன்னமும் ஒப்புக்கொள்ளவில்லை, திட்டிக்கொண்டே தன் பங்குப் பணத்தைக் கொடுக்கிறான். இதில் ஒரு கோணல் இருப்பதும் தெரிகிறது: சுத்தமான பெட்ரோலுக்காக அந்த வீடுகளின் தலைக்கு மேலேதான் இறங்கி ஏறுகிறோம். ஈயம் இல்லை. சத்தம் இருக்கிறது. அந்தத் தெருவில் தூங்கும் கைக்குழந்தைக்கு நாங்கள் இன்னமும் கடன்காரர்கள்தான்.

கலிஃபோர்னியா 2024-ல் சட்டம் போட்டுவிட்டது: 2031 ஜனவரி முதல் ஈயப் பெட்ரோல் விற்பனை நிற்க வேண்டும். நாடு முழுக்கவும் 2030 இறுதியைத்தான் இலக்காக வைத்திருக்கிறார்கள். சட்டத்துக்கு அவகாசம் தேவைப்படலாம். மாற்று எரிபொருளைச் சோதிக்க வேண்டும், அவசரப்பட்டு விமானங்கள் விழக் கூடாது. ஆனால் மாற முடிந்த இன்ஜினை வைத்திருப்பவருக்கு அந்த அவகாசம் எதற்கு? இன்று ஏதோ ஒரு சின்ன விமான நிலையத்தின் ஓடுதளக் கோடியில் பிறக்கும் குழந்தை, 2031-ல் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருக்கும். மூளை வேகமாக வளரும் வருடங்கள் அதற்குள் முடிந்திருக்கும்.