பாதி மேலங்கி

அமியான் நகர வாயிலில் கடுங்குளிரில் நின்ற பிச்சைக்காரருக்கு, ரோமானியப் படைவீரர் மார்ட்டின் தம் மேலங்கியை வாளால் வெட்டிப் பாதியைக் கொடுத்தார் என்று எழுதிவைத்தவர் சுல்பீசியஸ் செவேரஸ். முழுதாகவே கொடுத்திருக்கலாமே, கருணைக்கு என்ன பாதிக் கணக்கு என்று கேட்பவர்கள் உண்டு. அங்கி படைக்குச் சொந்தம், பாதிக்குத்தான் அவருக்கு உரிமை என்று சிலர் சமாதானமும் சொல்வார்கள். செவேரஸ் அப்படி எதுவும் எழுதவில்லை. அவர் எழுதியது வேறு: மற்ற உடைகளையெல்லாம் மார்ட்டின் முன்பே தானம் செய்துவிட்டார், மிஞ்சியது இது ஒன்றுதான். இரண்டு அங்கி உள்ளவன் ஒன்றைக் கொடுக்கட்டும் என்ற யோவான் ஸ்நானகரின் போதனையில் ஒன்றே உள்ளவனுக்கு வழி சொல்லப்படவில்லை. முழுதையும் கழற்றியிருந்தால் குளிர் ஆள் மாறியிருக்கும், அவ்வளவுதான். பாதியாக்கியதால் வீரனும் பிச்சைக்காரரும் ஒரே நிலைக்கு வந்தார்கள். வாள் ஏந்தியவன் அப்படி இறங்கி வருவது, என் கணக்கில், முழு அங்கியைவிடப் பெரிய ஈகை.

பாதித் துணி இருவருக்குமே போதாது என்பது வலுவான ஆட்சேபம்தான். ஆனால் அந்தக் குறைக்கு மார்ட்டின் எப்படிப் பொறுப்பாவார்? அவருடைய கிழிந்த கோலத்தைப் பார்த்துச் சிலர் சிரித்தார்களாம். வேறு பலரோ, அவரைவிட அதிகம் வைத்திருந்தும், தாங்கள் வெற்றுடம்பாகாமலே அந்த ஏழைக்கு உடுத்தியிருக்கலாமே என்று வருந்தினார்களாம்.