கடைசிப் பந்தி

வேலப்பன்சாவடியில் பூந்தமல்லி நெடுஞ்சாலையை விட்டு வடக்கே திரும்பினால் திருவேற்காடு. கூட்டமெல்லாம் கருமாரியம்மனுக்குத்தான், சைவ அடியாரான மூர்க்க நாயனாரின் ஊரும் அதுவே என்ற பேச்சு அவ்வளவாகக் காதில் விழுவதில்லை. பெரியபுராணம் சொல்லும் கதை சின்னது. அடியார்களுக்குச் சோறிட்டே சொத்தைக் கரைத்த ஒருவர், முன்பே கற்றிருந்த சூதாட்டத்தில் இறங்குகிறார். உள்ளூரில் அவரோடு ஆட ஆளில்லாமல் போகவே, ஊர் ஊராகச் சென்று கும்பகோணம் சேர்கிறார். முதல் ஆட்டத்தில் தோற்பார், பின்னால் வரும் ஆட்டங்களை வெல்வார். பணம் தர மறுத்தவனைச் சுரிகை உருவிக் குத்துவார். அதைப் பாடிய சேக்கிழார் எதையும் ஒளிக்கவில்லை. உறுத்துவது வேறொன்று. வென்ற பணத்தை நாயனார் தொடவே மாட்டார், சமைப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். எல்லோரும் உண்ட பிறகு கடைசிப் பந்தியில்தான் உட்காருவார்.

குத்துப்பட்டவன் என்ன ஆனான் என்று கேட்காத கதை, பணம் யார் கையில் பட்டது என்பதை மட்டும் ஏன் இவ்வளவு கவனமாகச் சொல்கிறது? மெக்சிகோவில் 1888இல் கொல்லப்பட்ட கொள்ளைக்காரன் எராக்ளியோ பெர்னாலைப் பாடும் கொரிதோ என்ற கதைப்பாட்டும், அவன் ஏழைகளிடம் பறிக்கவில்லை, அவர்களுக்குக் கொடுத்தான் என்றே அடித்துச் சொல்கிறது. குலியாக்கான் நகரில் கோயில் கட்டிக் கும்பிடப்படும் கொள்ளைக்காரன் மால்வெர்தே வாழ்ந்ததற்கே உறுதியான சான்றில்லை. ஆனால் அள்ளிக் கொடுத்தான் என்பதில் அங்கே வருபவர்களுக்குச் சந்தேகமில்லை. திருமங்கையாழ்வாரின் வழிப்பறியும் அடியார் சோற்றுக்காகவே என்கிறது வைணவ மரபு. திருவரங்கத்தில் அது வேடுபறி உற்சவமாக இன்றும் நடக்கிறது. யாரிடம் பறித்தான், எப்படிப் பறித்தான் என்பதையெல்லாம் பாட்டு போகிறபோக்கில் விட்டுவிடும். தனக்கென்று வைத்துக்கொண்டானா என்ற ஒன்றைத்தான் துருவிக் கேட்கும்.

இத்தகைய கொள்ளையர் கதைகள் ஏழை உழவர்களின் எதிர்ப்புக்குரல் என்று வரலாற்றாசிரியர் எரிக் ஹாப்ஸ்பாம் எழுதினார். கொள்ளையரில் பலர் நிலக்கிழார்களின் அடியாட்களே என்று மானிடவியலாளர் ஆன்டன் பிளாக் மறுத்தார். திருவேற்காட்டுக் கதை இரண்டிலும் அடங்கவில்லை. தோற்றவர்கள் பணக்காரர்கள் என்று புராணம் சொல்லவில்லை. புராணம் நாட்டுப்பாட்டு ஆகாதே, அமைச்சர் எழுதியதாயிற்றே என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் அதனாலேயே எனக்கு இது சுவாரசியமாகப்படுகிறது. திருவேற்காட்டுக்குத் தெற்கே குன்றத்தூரில் பிறந்து, இரண்டாம் குலோத்துங்கனிடம் அமைச்சராக இருந்தவர் என்று மரபு சொல்லும் சேக்கிழாருக்கு, அரசுப் பணம் எத்தனை கை மாறும் என்று தெரியாதிருக்குமா? தேனெடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்பது ஊரறிந்த பழமொழி. நக்காத ஒருவனைக் காட்டிவிட்டால், அவன் கையில் கத்தி இருந்தாலும் ஊர் கும்பிடும். அதிகாரத்தில் இருப்பவர்கள் மேல் நமக்குள்ள அவநம்பிக்கைதான் இந்த நாயகர்களை வளர்க்கிறது என்பது என் கணிப்பு.

இந்த இடத்தில்தான் எனக்குச் சிக்கல். கதையைப் போற்றுகிறவர்கள் பந்தியில் உண்டவர்கள் பக்கம் நிற்கிறார்கள். குத்துப்பட்டவன் வீட்டார் சொல்லியிருந்தால் கதையே வேறு. கை தொடாத பணம் கடைசிப் பந்தியில் சோறாகி அவர் இலைக்கும் வந்துவிட்டதே? மிச்சத்தைத்தானே உண்டார் என்று பதில் சொல்லலாம். அந்தப் பதில் எனக்குப் போதுமா என்று இன்னும் தெரியவில்லை.