இறந்தவர் மீது எழுதப்படும் தீர்ப்பு

தென்னூர் துணை மின் நிலையத்தில் பராமரிப்புப் பணி என்றால் நாளிதழில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி வரும். தில்லைநகர், சாஸ்திரி ரோடு, தென்னூர் ஹைரோடு, அண்ணாநகர் என்று தெருப்பெயர்கள் நீளும், காலை 9.45 முதல் மாலை 4 மணி வரை மின்சாரம் இருக்காது. திருச்சிக்காரர்கள் காலையிலேயே மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பிவிட்டு அதை மறந்துவிடுவார்கள். கம்பம் ஏறுகிறவர்களின் உயிரோ சில சிறிய காரியங்களை நம்பி இருக்கிறது. லைனை நிறுத்தி வேலை செய்ய அனுமதிக்கும் எல்.சி. (லைன் கிளியர்) முறைப்படி வாங்கியாயிற்றா, நிறுத்தியது சரியான ஃபீடர்தானா, வேலை நடக்கும் இடத்துக்கு இரு பக்கமும் லைனைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு மாட்டியாயிற்றா? தமிழ்நாட்டில் எங்காவது இதில் ஒன்று தவறி ஒருவர் கருகிப்போனால், விசாரணை பெரும்பாலும் சீக்கிரமே முடிந்துவிடுகிறது: எர்த் ராடு போடாமல் ஏறினார், கவனக்குறைவு. பதில் சொல்ல அவர் இல்லை.

இப்படி முடிப்பது நியாயமா?

பொய் என்று எளிதில் தள்ளிவிட முடியாது. அவர் எர்த் ராடு போடாமல் ஏறியது உண்மையாகவே இருக்கலாம். இரக்கப்பட்டு அதை மறைத்தால் அடுத்த கம்பத்தில் ஏறுபவருக்குத்தான் துரோகம். இன்னொன்றும் உண்டு. இருபது வருடம் லைனில் நின்றவரை, சூழ்நிலை தள்ளிய இடத்துக்குப் போன பொம்மை என்று பேசுவது அவர் தொழிலறிவுக்கு மரியாதை ஆகாது. தன் கையால் செய்ததற்குத் தான் பொறுப்பு என்று நினைப்பவர்தான் நல்ல தொழிலாளி.

விபத்து ஏன் நேர்கிறது என்பதற்கு மிகப் பழைய விளக்கம் தலையெழுத்து. தொழிற்சாலை யுகம் அதை எடுத்துவிட்டு ஆளின் குணத்தை வைத்தது. முதல் உலகப் போர்க்கால வெடிமருந்துத் தொழிற்சாலைகளின் கணக்குகளை ஆராய்ந்து கிரீன்வுட்டும் வுட்ஸும் 1919-இல் வெளியிட்ட அறிக்கை, சிலருக்கே திரும்பத் திரும்ப விபத்து நேர்கிறது என்றது. ராசியில்லாதவன் என்று நம்மூரில் சொல்வதற்குப் புள்ளிவிவரச் சட்டை மாட்டியது போலத்தான் அது பரவியது. பிறகு 1931-இல் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த ஹெயின்ரிச், நூற்றுக்கு 88 விபத்துகள் மனிதரின் பாதுகாப்பற்ற செயலால் நேர்பவை என்று எழுதினார். உலகம் முழுக்கப் பாதுகாப்பு வகுப்புகளில் அந்த எண் பல்லாண்டுகள் ஒப்பிக்கப்பட்டது. அவர் புரட்டியவை காப்பீட்டுக் கோப்புகளும் ஆலைப் பதிவுகளும். அவற்றில் காரணத்தை நிரப்பியவர்கள் பெரும்பாலும் மேற்பார்வையாளர்கள். வேறு காரணம் எழுதினால் யாரிடம் கேள்வி வருமோ அவர்கள் கையிலேயே பேனா இருந்தது.

ஹெயின்ரிச்சுக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, பிட்ஸ்பர்க் நகரை உள்ளடக்கிய மாவட்டத்தில் ஒரே ஆண்டில் வேலையில் இறந்த 526 பேரைப் பற்றி கிரிஸ்டல் ஈஸ்ட்மன் ஆராய்ந்து 1910-இல் நூலாக வெளியிட்டார். தொழிலாளியின் அஜாக்கிரதையே காரணம் என்ற நம்பிக்கை அந்தச் சாவுகளைத் தனித்தனியே எடுத்துப் பார்த்தபோது நிற்கவில்லை. ஆனால் வகுப்பறைகளுக்குப் போய்ச் சேர்ந்தது அவருடைய கணக்கல்ல.

1960-களில் மருத்துவர் வில்லியம் ஹேடன் கேள்வியையே மாற்றினார். காயம் என்பது உடல் தாங்கும் அளவுக்கு மேல் ஆற்றல் உடலில் பாய்வது. அதற்கு இடையில் எதை நிறுத்தலாம்? லைன்மேனுக்கு இது புத்தகச் செய்தியே அல்ல, எர்த் ராடு என்பதே அதுதான். 1990-இல் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன், களத்தில் நேரும் தவறுக்குப் பின்னால் அலுவலக அறைகளில் எடுத்த முடிவுகள் நெடுநாள் பதுங்கியிருக்கின்றன என்று காட்டினார். அப்படிப் பார்த்தால் கேள்விகள் கம்பத்திலிருந்து கீழே இறங்கி வருகின்றன. அந்தப் பிரிவு அலுவலகத்தில் எத்தனை எர்த் ராடு இருந்தது? மழை இரவில் ஏன் ஒரே ஆளை அனுப்பினார்கள்? குழி தோண்டவும் கம்பம் நடவும் 2021-இல் வேலைக்கு எடுத்த கேங்மேன்களை லைனில் ஏற்றுகிறார்கள் என்று தொழிற்சங்கங்கள் திரும்பத் திரும்பப் புகார் சொல்கின்றன. அப்படி ஏற்றச் சொன்ன வாய் எது?

இந்தப் பாதையிலும் ஒரு வழுக்கல் உண்டு. எல்லாம் அமைப்பின் கோளாறு என்று சொல்லிவிட்டால் யாருமே பதில் சொல்ல வேண்டியதில்லை. அமைப்பை யாரும் பணியிடை நீக்கம் செய்ய முடியாது. 1956 நவம்பரில், அன்றைய திருச்சி மாவட்டத்தின் அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளம் கரையை அரித்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அவர் தண்டவாளத்தைத் தொட்டவரல்ல. ஆனாலும் பொறுப்பு மேல்நோக்கிப் போக முடியும் என்பதை நாடு பார்த்தது. (ராஜினாமா ஆற்றுப்பாலத்தைப் பலப்படுத்தாது என்பதும் மெய். அதைத் தியாகமாக மட்டும் கொண்டாடுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.)

என்ன நடந்தது என்பது ஒரு கேள்வி, யார் பதில் சொல்ல வேண்டும் என்பது வேறு கேள்வி. முதலாவதில் லைன்மேனின் தவறை ஒளிக்க வேண்டியதில்லை. இரண்டாவதில், மாற்றியமைக்கும் அதிகாரம் எவ்வளவோ அவ்வளவு பொறுப்பு. இன்னொரு ஆளை அனுப்பவோ, இன்னொரு எர்த் ராடு வாங்கவோ அவருக்கு அதிகாரம் இல்லை; அந்த அதிகாரம் இருந்தவர் அறிக்கையில் கையெழுத்துப் போடும் இடத்தில் மட்டும் தென்படுகிறார். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. குடிபோதை, வேண்டுமென்றே விதியை மீறியது போன்ற காரணங்களைக் காட்டி முதலாளி இழப்பீட்டை மறுக்க அது இடம் தந்தது. ஆனால் தொழிலாளி இறந்துவிட்டால் அந்தச் சாக்குகள் செல்லாது என்றும் வைத்தது. தவறு இருந்தாலும் அதன் விலையைக் குடும்பத்திடம் வசூலிக்கக் கூடாது என்பது சட்டப் புத்தகத்துக்குத் தெரிந்திருந்தது. விசாரணைத் தாள்தான் இன்னும் அங்கே வந்து சேரவில்லை.

அதிகாரத்தை அளவுகோலாக வைத்தால் அது மின்வாரியத்தோடு நிற்காது. ஜெனரேட்டரை லைனிலிருந்து பிரித்துவைக்கும் சரியான மாற்று சுவிட்ச் இல்லாமல் ஒரு கடையிலோ கல்யாண மண்டபத்திலோ ஜெனரேட்டர் ஓடினால், நிறுத்தி வைத்த லைனிலேயே ரிட்டர்ன் சப்ளை ஏறும். டிரான்ஸ்ஃபார்மர் வழியே திரும்பி, மேலே பல்லாயிரம் வோல்ட்டாகவே நிற்கும். எல்.சி. வாங்கி, சரியான ஃபீடரை நிறுத்திவிட்டு ஏறியவரையும், எர்த் ராடு இல்லாவிட்டால் அது அடிக்கலாம். அந்த சுவிட்சை மாட்டும் அதிகாரம் முழுக்க முழுக்கக் கட்டட உரிமையாளருடையது. மின்தடை அறிவிப்பைப் படித்துவிட்டு, அன்று காலை ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கி வைப்பவரும் அவர்தான்.