தன் பிள்ளையும் அயலான் பிள்ளையும்



ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் நம் கிராமங்களில் ஒரு காட்சியைக் காணலாம். காலை ஏழரை மணிக்குக் கோவில் முக்கில் மஞ்சள் வேன் ஒன்று வந்து நிற்கும். டை கட்டி, பூட்ஸ் மாட்டிய பிள்ளைகள் அதில் ஏறிப் பட்டணத்துப் பள்ளிக்கூடம் போவார்கள். வேன் போன பிறகு, அதே தெருவிலிருந்து இன்னும் சில பிள்ளைகள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, கூப்பிடு தூரத்திலுள்ள ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போவார்கள். கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளைகள், தகப்பனில்லாத பிள்ளைகள், பாட்டியிடம் வளருகிற பிள்ளைகள்: இவர்களே நடந்து போகிறவர்கள்.

ஒரு குடும்பத் தலைவர் நம்மிடம் கேட்டார்: “வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டிப் பீஸ் கட்டுகிறேன். என் பிள்ளைக்கு நல்லது தேடுவது ஒரு குற்றமா?” குற்றமில்லை. தன் பிள்ளையைக் கவனிப்பது தகப்பனுடைய முதல் கடமை. ஊருக்காக உன் பிள்ளையைப் பலி கொடு என்று சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது. ஆனால் முதல் கடமை என்று ஒன்று இருந்தால் இரண்டாவது கடமை என்றும் ஒன்று இருக்க வேண்டுமன்றோ? அதைப் பற்றித்தான் இன்று யோசிக்கிறோம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். 2009-ம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டத்தில் ஆசிரியர் எண்ணிக்கைக்கு ஓர் அட்டவணை இருக்கிறது. ஆரம்பப் பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். அறுபத்தொன்று முதல் தொண்ணூறு வரை மூன்று ஆசிரியர். ஒரு பள்ளியில் அறுபத்துநான்கு பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வீட்டார் தங்கள் பிள்ளைகளை வேனில் ஏற்றி விடுகிறார்கள். மிச்சம் ஐம்பத்தொன்பது. மூன்றாவது ஆசிரியர் உபரி என்று கணக்கெழுதி வேறு ஊருக்கு மாற்றி விடுவார்கள். இனி ஐந்து வகுப்புக்கும் இரண்டே பேர். அவர்களில் ஒருவர் ஏதாவது ஒரு கூட்டத்துக்கோ, பதிவேடு கொடுக்கவோ போய்விட்டால், அன்றைக்கு ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஒரே ஆசிரியர். அவர் என்ன செய்வார்? ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு, ஒன்றாம் வகுப்புக்கு ‘அ’ எழுதிக் காட்டுவார். அதற்குள் மூன்றாம் வகுப்பில் சண்டை வந்துவிடும். அப்படிப்பட்ட நாட்கள் சேர்ந்து சேர்ந்துதான், ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளை ஒரு கடிதத்தைப் படிக்கத் திணறுகிறது.

இதில் யார் குற்றவாளி? ஐந்து வீட்டாரில் ஒருவர்கூட அயலான் பிள்ளைக்குத் தீங்கு நினைக்கவில்லை. ஆனாலும் அந்தப் பிள்ளையின் ஆசிரியர் போய்விட்டார். நினையாமல் செய்த தீங்குக்கு நாம் பொறுப்பாளிகளா என்பதே இங்கே கேள்வி. பக்கத்து வயல் வழியாகத் தண்ணீர் கொண்டுபோகிறவன், அந்த வயலின் வரப்பு உடைந்ததைக் கண்டால், “நான் வேண்டுமென்று உடைக்கவில்லை” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவதில்லை. ஒரு கூடை மண் எடுத்துப் போடுகிறான். அது தர்மமல்ல, கடன்.

ஆசிரியர் மட்டும் போகவில்லை, இன்னொன்றும் போய்விட்டது. நாலெழுத்துப் படித்து, துணிந்து பேசக்கூடிய பெற்றோர் இருந்தவரைக்கும், “ஏன் கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை? ஏன் என் மகனுக்கு வாய்ப்பாடு தெரியவில்லை?” என்று கேட்க ஆள் இருந்தது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டுமென்று அதே சட்டம் சொல்லுகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் களை பறிக்கப் போகிற தாய் ஒருநாள் கூலியை இழந்து கூட்டத்துக்கு வந்தாலும், கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேசாமல் போய்விடுகிறாள். பேசக்கூடியவர் பட்டணத்துப் பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்!

நம்மில் பலருடைய பெற்றோர் எழுத்தறிந்தது எப்படி? காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது 1956-ல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. 1958 முதல் ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. பிள்ளை இருந்தவர், இல்லாதவர் எல்லாருமே தங்களால் இயன்றதை ஊர்ப் பள்ளிக்குக் கொடுத்தார்கள். 1982-ல் சத்துணவு வந்தது. 2022-ல் அரசு ஆரம்பப் பள்ளிகளில் காலை உணவு தொடங்கி, 2024-ல் கிராமப்புறத்து உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்தது. வயிற்றைப் பற்றிய கவலை இவ்வாறு பெருமளவு குறைந்தது. பிள்ளை வாசிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஒரு காது வேண்டுமே, அதைச் சர்க்கார் வாளியில் வைத்து அனுப்ப முடியாது.

இத்தாலி நாட்டில், பிளாரன்ஸ் நகருக்கு வடக்கே மலையில் பார்பியானா என்று ஒரு சிற்றூர். சாலையும் மின்சாரமும் இல்லாத அந்த ஊருக்கு 1954-ல் லொரென்சோ மிலானி என்ற குருவானவர் அனுப்பப்பட்டார். பள்ளிக்கூடத்தால் தள்ளப்பட்ட குடியானவர் பிள்ளைகளைத் தம் அறையில் சேர்த்து உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்தார். மேசையும் புத்தகங்களும் தவிரச் சாமான் அதிகமில்லை. விடுமுறையும் இல்லை. மூத்த பிள்ளைகள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பாடம் விளங்காத பிள்ளை ஒன்று இருந்தால், அதற்கு விளங்கும்வரை மற்றவர்கள் காத்திருந்தார்கள். அந்த மாணவர்களில் எட்டுப் பேர் சேர்ந்து எழுதிய ‘ஓர் ஆசிரியைக்குக் கடிதம்’ என்ற நூல் 1967-ல் வெளிவந்து, பல பாஷைகளில் பெயர்க்கப்பட்டது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் மிலானி இறந்துபோனார். அவரிடம் ஏராளமாக இருந்தது நேரம் ஒன்றுதான்.

நம் சபைக்குச் சங்கடமான விஷயம் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம். தனியார் பள்ளிகள் ஆரம்ப வகுப்பில் நாலில் ஒரு பங்கு இடத்தை ஏழை எளிய பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டுமென்பது 2009-ம் ஆண்டுச் சட்டம். அந்தச் சட்டம் சிறுபான்மையினர் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த விலக்கு சரிதானா என்று 2025-ல் அதே நீதிமன்றத்தில் மறுபடியும் கேள்வி எழுந்தது. வழக்கு எப்படியாவது போகட்டும். சட்டம் நம்மை விட்டுவிட்ட இடத்தில் மனச்சாட்சியும் விட்டுவிட்டதா? நம் பெயரில் நடக்கும் பட்டணத்துப் பள்ளியின் வாசலில், நடந்து போகிற பிள்ளைகளில் எத்தனை பேர் நுழைந்திருக்கிறார்கள் என்று கேட்க நமக்கு உரிமையுண்டு. பீஸ் கட்டுகிற உங்களுக்கு அதிலும் கூடுதல் உரிமையுண்டு.

அப்படியானால் எல்லாரும் வேனை நிறுத்திவிட வேண்டுமா? அப்படிச் சொல்ல மாட்டோம். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பிறர் பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பது சுலபம். ஊர்ப் பள்ளியிலேயே பிள்ளையை வைத்துக்கொண்டு, அங்கேயே கேள்வி கேட்டு, அதை நல்ல பள்ளியாக்கக்கூடிய குடும்பங்கள் சில உண்டு. அவர்கள் தயங்காமல் அப்படிச் செய்யட்டும். மற்றவர்களுக்குக் கடன் மிச்சமிருக்கிறது.

அதை எப்படித் தீர்ப்பது என்று வெகுதூரம் தேட வேண்டாம். நம் பங்கு மண்டபம் ஞாயிறு ஞானோபதேசம் முடிந்ததும் பூட்டப்படுகிறது. அடுத்த ஞாயிறு வரைக்கும் அங்கே விளக்கும் விசிறியும் சும்மா இருக்கின்றன. வேன் வந்து நிற்கிற வீடுகளில், படிப்பை முடித்துவிட்டு உத்தியோக உத்தரவுக்குக் காத்திருக்கிற பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற வாத்தியார்களும் இருக்கிறார்கள். மாலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை பாய் விரித்து, நடந்து போகிற பிள்ளையையும் வேனில் போகிற பிள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். (வேனில் போகிற பிள்ளைக்குத் தமிழ் வாசிக்க வராது என்பதும் அப்போதுதான் தெரியவரும்.)

மண்டபத்துச் சாவி உபதேசியார் வீட்டில் இருக்கிறது. கேட்டால் கொடுப்பார்.