மணியும் வரைபடமும்

சென்ற மாதம் ஒரு நாள் மாலை, எங்கள் கேமரன் மலையில் பிரிஞ்சாங் பக்கத்து முகடுகளை மூடுபனி வந்து கவியத் தொடங்கிய வேளையில், அண்டை வீட்டுப் பேத்தி ஒருத்தி பெரிய காகிதமொன்றைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி என்னிடம் வந்தாள். ஐந்தாம் படிவத்தில் படிப்பவள், எஸ்.பி.எம். தேர்வை எதிர்நோக்கி நிற்பவள். காகிதத்தை மேசைமீது விரித்து, சுருண்டு சுருண்டு எழுந்த அதன் மூலைகளில் என் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் தேநீர்க் கோப்பையையும் எடுத்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். அதிகாலை ஐந்து மணி முதல் இரவு பதினொரு மணி வரை அரை அரை மணியாகக் கட்டங்கள். கணிதத்துக்கு நீலம், வேதியியலுக்குப் பச்சை, வரலாற்றுக்கு மஞ்சள் என்று பாடத்துக்கொரு வர்ணம். இராச் சாப்பாட்டுக்கு மட்டும் வர்ணம் பூசாத ஒரே ஒரு கட்டம். “தாத்தா, இதுல எங்கயாச்சும் நேரம் வீணாப் போகுதான்னு பார்த்துச் சொல்லுங்க” என்றாள்.

வீண் என்று சொல்லத்தக்க ஒரு நிமிஷத்தையும் என்னால் காண முடியவில்லை. அவளுடைய சிரத்தை என் மனத்தைக் குளிர்வித்ததும் மெய்யே. ஆயினும் அந்தக் கட்டங்களைப் பார்க்கப் பார்க்க, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நாள்தோறும் என்னை உலுக்கியெழுப்பிய மணியோசையொன்று மீண்டும் செவியில் விழுவது போலிருந்தது.

நான் பிறந்து வளர்ந்தது ரிங்லெட்டுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். இருள் பிரியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஒரு மணி, வேலை தொடங்க ஒரு மணி, கொழுந்து நிறுக்க ஒரு மணி, வேலை விட ஒரு மணி என்று, எங்கள் தாய் தந்தையரின் ஆயுட்காலம் முழுவதற்கும் யாரோ ஒருவர் முன்கூட்டியே கட்டம் போட்டு வைத்திருந்தார். மண்டோர் கைகாட்டிய நிரையில் இறங்கினால், அது முடியும் வரை கொழுந்து. மறுநாள் வேறொரு நிரை. மூன்று வாரத்தில் முதல் நிரை மறுபடியும் துளிர்த்து நிற்கும். மழையிலும் பனியிலும் முதுகு நிமிராமல் உழைத்த அந்த ஜனங்களைச் சோம்பேறிகள் என்று எந்தப் பாவியும் சொல்ல மாட்டான். பிரயாசைக்குக் குறைவில்லாத அந்த ஜீவனத்தில் குறைவாயிருந்தது ஒன்றுதான்: அடுத்த ஆண்டு என்ன என்று கேட்கும் பழக்கம். அந்தக் கேள்விக்கென்று மணி ஒரு நாழிகையையும் ஒதுக்கி வைக்கவில்லை.

1976-இல் நான், அக்காலத்து ஐந்தாம் படிவத் தேர்வான எம்.சி.இ. எழுதினேன். மறு ஆண்டு வந்த முடிவு, எங்கள் லயம் அதுவரை கண்டிராத அளவுக்கு நன்றாகவே இருந்தது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு எழுதிப் போடச் சொல்லி, என் ஆசிரியரொருவர் பாரம் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். எங்கள் ஊர் வழக்கில் விண்ணப்பத் தாளுக்குப் பாரம் என்றே பெயர். அதன் பாரம் அப்பாவின் கைகளுக்குப் புதிது. நான் பூர்த்தி செய்து நீட்டிய தாளை இரு கைகளாலும் வாங்கிக் கண்களில் ஒற்றிக்கொண்ட அவர், சுவரில் அறைந்திருந்த சுவாமிப் பலகையில், முருகன் படத்துக்கும் சுவருக்கும் இடையே அதைச் செருகி வைத்தார். அந்த வாரத்தில் நல்ல நாள் இல்லை. அடுத்த வாரத்தில் அஷ்டமியும் நவமியும் குறுக்கிட்டன. சம்பளம் போட்டதும் தானா ராத்தாவுக்குப் போய்ப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடலாம் என்றார். கடைசித் தேதியைத் தாளின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அப்பாவுக்கு அதைப் படிக்கத் தெரியாது. படித்தவன் என்று பெயரெடுத்த நானும் படிக்கவில்லை. ஒரு சுபதினத்தில் பாரத்தைப் படத்தின் பின்னாலிருந்து எடுத்தபோது அதன் ஓரத்தில் குங்குமம் படிந்திருந்தது. தேதி கடந்து ஒன்பது நாளாகியிருந்தது.

நெடுங்காலம் அப்பாவை நான் மனத்துக்குள் நொந்துகொண்டதுண்டு. எனக்கே பிள்ளைகள் பிறந்த பிறகுதான், அவர் அந்தப் பாரத்தைத் தமக்குத் தெரிந்த மிகப் பெரிய அலுவலகத்தில் சமர்ப்பித்திருந்தார் என்பது விளங்கிற்று.

வீணாய்ப் போன அந்த ஆண்டை நான் தோட்டத்து ஆபீசில் கிராணிக்குக் கையாளாகக் கழித்தேன். உள்ளே போன முதல் நாளே என் கண்ணில் பட்டது, சுவரை அடைத்துக்கொண்டு தொங்கிய வரைபடம். தோட்டம் முழுவதும் நம்பர் நம்பராகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு நம்பரிலும் செடி நட்ட ஆண்டும், கவாத்து முடிந்த ஆண்டும், மறு கவாத்து வரவேண்டிய ஆண்டும் குறிக்கப்பட்டிருந்தன. சில ஆண்டுகளுக்கொருமுறை செடியின் தலையைச் சீவி, வெறும் கம்புகளாக நிறுத்திவிடும் கவாத்தைச் சிறு வயதிலிருந்தே பார்த்தவன் நான். எந்தச் சரிவுக்கு எப்போது அந்தக் கத்தி வருமென்று எங்களில் எவருக்கும் தெரிந்ததில்லை. நான்காண்டுகளுக்குப் பின் எந்தச் சரிவு மொட்டையாய் நிற்கும், எந்தச் சரிவு தழைத்திருக்கும் என்பதெல்லாம் அங்கே பென்சிலால் எழுதி, வேண்டியபோது அழித்து, திரும்பவும் எழுதப்பட்டிருந்தது. லயத்துக்கு மணி, ஆபீசுக்கு வரைபடம் என்ற அந்தப் பாகுபாட்டை அன்று கண்டுகொண்டதே, இழந்த ஆண்டிலிருந்து நான் பெற்ற லாபம்.

கால அட்டவணை மணியின் வம்சத்தைச் சேர்ந்தது. இப்பொழுது என்ன செய்வது என்ற ஒரு கேள்விக்கே அது விடை சொல்லும். எதற்காகச் செய்வது, இந்த வழி அடைபட்டால் எந்த வழியாகப் போவது என்னும் கேள்விகளுக்கு விடை சொல்வதே திட்டம். முன்னதைச் சிறுபிள்ளையும் தானே எழுதிக்கொள்ளலாம். பின்னதை எழுத, அந்தப் பாதையில் முன்னே நடந்தவர்களின் துணை வேண்டும்.

ஆகவே அந்தப் பெண்ணிடம், படித்து என்ன ஆகப் போகிறாய் என்று கேட்டேன். மருந்தாளர் ஆக வேண்டும் என்றாள். எஸ்.பி.எம். முடிந்த பின் எவ்வழியே என்றதற்கு, “மெட்ரிகுலேஷன் கிடைச்சா நல்லது தாத்தா” என்றாள். கிடைக்காவிட்டால் என்றதற்கு விடையில்லை. மெட்ரிகுலேஷன் பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஓராண்டுப் படிப்பு என்பதையும், அதன் இடங்களில் பத்துக்கு ஒன்பது பூமிபுத்ராக்களுக்கு ஒதுக்கப்பட்டு வந்திருப்பதையும், பத்து ஏ பெற்றவர் எவ்வினத்தவராயினும் இடமளிக்கப்படும் என்று 2024-இல் பிரதமர் அன்வார் இப்ராஹிம் அறிவித்ததையும் எடுத்துரைத்தேன். கடினமென்று பலர் அஞ்சி விலகும் ஆறாம் படிவத்து எஸ்.டி.பி.எம். வழியோ, 2012 முதல் மூன்று தவணைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒரு தவணையில் சறுக்கிய தாளை மறுபடியும் எழுதிச் சீர்செய்துகொள்ள இடம் தருவது. எவ்வழியே போனாலும் முயெட் என்னும் ஆங்கிலத் தேர்வு குறுக்கே நிற்கும். மற்றெல்லாவற்றிலும் ஏ வாங்கினாலும் மலாய் மொழியிலோ வரலாற்றிலோ தவறினால் எஸ்.பி.எம். சான்றிதழே கைக்கு வராது.

இவற்றையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவள் ஓரிடத்தில் மட்டும் திடுக்கிட்டாள். அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு ஆள் தெரிவு செய்யும்போது, தேர்வுத் தகுதிக்கு நூற்றுக்குத் தொண்ணூறும் புறப்பாட நடவடிக்கைக்குப் பத்தும் கணக்கிடுவார்கள் என்றேன். படிப்பதற்கு நேரம் வேண்டுமென்று, அவள் அதற்கு முந்திய மாதந்தான் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் பயிற்சிக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். ஒரு நிமிஷமும் வீணாகாத அந்த அட்டவணை, பத்துப் புள்ளிகளை ஓசைப்படாமல் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருந்தது.

வழி கண்டவர் அதைக் குறித்து வைக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு, இந்த மலைக்கு வாய்த்த பெயரிலேயே ஒரு திருஷ்டாந்தம் உண்டு. 1885-இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் காட்டினூடே ஏறி வந்து, இந்தப் பீடபூமியைக் கண்டதாக எழுதினார். ஆனால் கண்ட இடத்தை வரைபடத்தில் சரியாகக் குறிக்கத் தவறிவிட்டார். பிறகு 1925-இல் ஜார்ஜ் மாக்ஸ்வெல் ஏறி வந்து உறுதி செய்யும் வரை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அந்தக் கண்டுபிடிப்பு ஒருவருக்கும் பயன்படாமல் கிடந்தது. அதன் பின் நான்கே ஆண்டுகளில், 1929-இல், ரஸ்ஸல் என்பவர் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிவிட்டார். லயத்திலிருந்து முதன்முதலாக மேலேறிப் போனவர்களில் எத்தனை பேர் கேமரன்களாகவே இருந்துவிட்டோம்! உத்தியோகம் பெற்று, சமவெளிக்கு இறங்கி, வீடு கட்டிக் குடியமர்ந்தோம். எந்தத் திருப்பத்தில் சறுக்கினோம் என்பதைப் பின்னால் வருகிறவனுக்குக் குறித்து வைக்க மறந்தோம். அப்படி மறவாதவர்களில் ஒருவர் டாக்டர் தம்பிராஜா. 1982-இல் அவர் தோற்றுவித்த ஸ்ரீ முருகன் நிலையம் எளிய குடும்பத்துத் தமிழ்ப் பிள்ளைகளைத் தேர்வுகளுக்குப் பயிற்றுவித்ததோடு, பெற்றோரையும் உடனழைத்துப் பத்துமலைக்குக் கல்வி யாத்திரை போகவும் செய்தது. அப்பாவின் முருகன்தான் அங்கும் இருக்கிறான்; ஆனால் அவனிடம் போகிறவர்களுக்குக் கடைசித் தேதி தெரியும்.

திட்டம் என்ற பெயரால் பிள்ளையின் சித்தத்தைப் பெற்றோர் அபகரித்துக்கொள்வதையும் நான் கண்டிருக்கிறேன். ஏ ஒன்று குறையுமோ என்று அஞ்சித் தமிழ்ப் பாடத்தை எடுக்க விடாமல் தடுத்தவர்களை அறிவேன். மையால் எழுதிய திட்டம் இன்னொரு மணியாகவே முடியும். ஆபீஸ் வரைபடத்தின் விவேகம் அதன் பென்சிலில் இருந்தது. கவாத்தான சரிவைப் பார்த்து யாரும் ஒப்பாரி வைக்காததற்குக் காரணம், அடுத்த துளிருக்கும் அதில் இடம் எழுதப்பட்டிருந்ததுதான். ஒரு தேர்வில் சறுக்கிய பிள்ளையின் வீட்டில் அத்தகைய காகிதமொன்று இருந்தால், அந்த இரவு இத்தனை நீளமாய் இராது.

நேற்று மாலை அவள் மீண்டும் வந்தாள். கையில் இரண்டாவது காகிதம். கட்டங்கள் இல்லை, வர்ணமும் இல்லை. ஓரிடத்தில் தொடங்கி மூன்றாகப் பிரியும் பென்சில் கோடுகளும், கோடுகளின் மேல் சில தேதிகளும். ஆம்புலன்ஸ் பயிற்சிக்குத் திரும்பவும் போகிறாளாம். மெட்ரிகுலேஷன் விண்ணப்பத்தைக் கணினியிலேயே நிரப்பி அனுப்பியாகிவிட்டது. போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சித் தாளும் வந்துவிட்டது என்றாள்.

“தாள் எங்கேயம்மா?” என்று கேட்டேன்.

“பாட்டி வாங்கி சாமி படத்துக்குப் பின்னால வச்சிருக்காங்க தாத்தா.”

அங்கேயே இருக்கட்டும் என்றேன்.